கழுவிக்கொண்டு வந்த வண்டி

வண்டிக்கு அடியில் ஏதோ ஒழுகுகிறது என்று யாராவது வந்து நின்றால், உடனே கோணியை விரித்துப் போட்டுக்கொண்டு கீழே படுத்துவிடாதீர்கள். முதலில் வந்தவரை உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் உட்காருங்கள். டீ வரவழையுங்கள். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஸ்பேனரைத் தொடாமல் கொஞ்ச நேரம் இருப்பது பெரிய தண்டனை. அடியில் படுத்துவிட்டால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும். உட்கார்ந்து பேசினால் முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒழுகல் கேஸ் பெரும்பாலும் வண்டிக்கு அடியில் இருக்காது. ஓட்டுகிறவர் வாய்க்குள் இருக்கும். அவர் மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. அது ஒரு விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது, உங்களுக்கும் கேட்கத் தோன்றியிருக்காது. இரண்டு பேரும் சேர்ந்து அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பீர்கள்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் முன்சக்கரத்து ஓரம் மட்டும் தினமும் ஈரமாக இருக்கிறது என்று வந்தார். சக்கரத்தைக் கழற்றினோம், ரேடியேட்டர் பைப்பை மாற்றினோம், ஒன்றும் நிற்கவில்லை. எங்கள் ஷெட்டில் விட்டால் ஈரம் இல்லை, அவர் வீட்டுக்குப் போனால் ஈரம். கடைசியில் பார்த்தால் அது அவர் தெருவில் திரிகிற ஒரு நாயின் வேலை. ஊரில் எவ்வளவோ கம்பம் இருக்க, அது இவர் டயரைத்தான் பிடித்து வைத்திருந்தது. சித்திரை மாதம் பிறந்துவிட்டால் போதும், ஏசி தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, "இத்த கொஞ்சம் பாருங்க மேஸ்திரி" என்று நிற்பவர்களுக்குக் கணக்கே கிடையாது. வண்டிக்கு அடியில் சொட்டினால் மனிதர்களுக்கு மூளையும் சேர்ந்து சொட்டிவிடுகிறது.

சிரித்தாயிற்றா? இனி சிரிக்க முடியாததைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது இது. வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். காலையில் பஸ், சாயங்காலம் பஸ், நடுவில் நாள் முழுக்கக் கிரீஸ். அப்போது கண்டமங்கலத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவர் எங்களிடம் வண்டி விட ஆரம்பித்திருந்தார். பழைய டீசல் வண்டி, மூன்று வரிசை சீட். பாண்டிச்சேரியில் ஒரு பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். அவர் மனைவி அமுதாவும் அதே கம்பெனிதான். முன் சீட்டில் உட்கார்ந்து போவார். அந்த வண்டி நின்றால் அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு வேலை நின்றுவிடும்.

ஏழுமலை நிதானமான ஆள். சத்தமாகப் பேச மாட்டார். சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும். வண்டியும் அப்படித்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி மாதிரியே இருக்காது. முதல் தடவை வந்தபோது நான்கூட அசந்துபோய்ப் பார்த்தேன்.

"காலைல பாத்தா பின்னாடி பக்கம் தரை ஈரமா இருக்குதுங்க மேஸ்திரி. தண்ணி மாதிரியும் இல்ல, ஆயில் மாதிரியும் இல்ல" என்றார்.

"ஏசி ஓடுதா?"

"அது ரிப்பேராயி ரொம்ப நாளாச்சிங்க."

"ஆயில் ஏதாச்சும் குறையுதா?"

"இல்லீங்க. எல்லாம் லெவலா இருக்குது."

பானெட்டைத் திறந்து பார்த்தோம். எஞ்சின் ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில், எல்லாம் கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தன. ஷெட்டில் இறங்கி நின்று பார்ப்பதற்காக வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் ஏற்றி அடியில் பார்த்தோம். அடிப்பக்கம் கடையில் வாங்கிய எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருந்தது. ஒரு கறை இல்லை, ஒரு தூசு இல்லை. இவ்வளவு சுத்தமான வண்டியில் கோளாறு எங்கே இருக்கப்போகிறது என்று எங்கள் ஆட்களே பேசிக்கொண்டார்கள். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. அடியில் அட்டையை விரித்து மதியம் வரை விட்டோம். ஒரு சொட்டு விழவில்லை. ராத்திரி விட்டுவிட்டுப் போங்கள் என்றால் அவரால் முடியாது, சாயங்காலம் பெண்களை அழைத்து வர வேண்டும். போய்விட்டார்.

இரண்டாவது தடவையும் அதே கதை. பின்பக்கம் ஈரம், வந்து பார்த்தால் பளபளப்பு. எனக்கு எரிச்சல் ஏறியது. "ஏழுமலை, வண்டியக் கழுவிக்கினு வந்தா நான் எத்தப் பாக்கறது? அடுத்த வாட்டி அப்படியே அழுக்கோட கொண்டாங்க" என்றேன். சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார்.

மூன்றாவது தடவை வந்தார். கழுவிக்கொண்டுதான் வந்தார்! அடியில் ஈரம்கூட இன்னும் காயவில்லை. டயரில் கறுப்புப் பாலிஷ் வேறு. வந்த வழியில் எங்கேயோ நிறுத்தித் துடைத்திருக்கிறார், முன்கண்ணாடியில் துணியின் கோடு தெரிகிறது. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? டாக்டரிடம் போகும்போது குளித்துவிட்டு, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு போவார்கள் பாருங்கள், காய்ச்சல் எங்கே என்று டாக்டர் தேட வேண்டியதுதான். அந்த மாதிரி.

"இன்னாங்க இது? எத்தினி வாட்டி சொல்றது உங்களுக்கு?"

"இல்ல மேஸ்திரி, அப்படியே எப்படிங்க வர்றது? விழுப்புரம் வரைக்கும் வரணும். நாலு பேரு பாப்பாங்க."

"யாரு பாக்கறாங்க? கல்யாணத்துக்கா வர்றீங்க? இது ஒர்க்‌ஷாப்புங்க, ஒர்க்‌ஷாப்! எங்க மூஞ்சியப் பாருங்க, நாங்க இன்னா சந்தனமா பூசிக்கினு நிக்கறோம்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. கையில் இருந்த துணியை நான்காக மடித்து டேஷ்போர்டில் வைத்தார். "வர்றேங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் இன்னும் பொருமிக்கொண்டே நின்றேன். கேட்டைத் தாண்டி வண்டி வளையும்போதுதான் அது கண்ணில் பட்டது. இடது பின்சக்கரத்து டிஸ்க் மட்டும் புதுசாக வெள்ளிப் பெயிண்ட் அடித்து மின்னியது. மற்ற சக்கரங்கள் பழைய மங்கலில் இருந்தன.

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வண்டிக்காரர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விக்கிரவாண்டி தாண்டும்போது, அந்த ஆள் மேல் இருந்த கோபம் இன்னும் அடங்காமல் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர் நாலு சக்கரத்துக்கும் அல்லவா பெயிண்ட் அடிப்பார்? ஒன்றுக்கு மட்டும் ஏன் அடித்தார்? மற்ற மூன்றில் அடிக்கத் தேவை இருக்கவில்லை. ஒன்றில் மட்டும் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

வண்டியில் ஓடுகிற எண்ணெய்களில் பெயிண்ட்டை உரிக்கிறது பிரேக் ஆயில்தான்.

அதோடு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. எஞ்சின் ஆயில் தரையில் விழுந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கறை போகாது, வானவில் மாதிரி நிறம் காட்டிக்கொண்டு கிடக்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். ஒரு வாளி ஊற்றினால் விழுந்த அடையாளமே இருக்காது. அவர் தினமும் காலையில் தரையையும் கழுவுகிறார், சக்கரத்தையும் கழுவுகிறார். சரி, அப்படியானால் பிரேக் ஆயில் குறைந்திருக்க வேண்டுமே? மூன்று தடவையும் லெவல் சரியாக இருந்ததே? அப்போதுதான் அந்த ஆள் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாம் லெவலாக இருக்கிறது என்றாரே ஒழிய, ஊற்றவில்லை என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பஸ்ஸிலேயே போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்காத ஆள். வீட்டுக்குப் போய்ப் போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை. பிறகு போட்டால் சுவிட்ச் ஆஃப். காலையில் அவ்வளவு பேர் முன்னால் கத்தினேனே, அதனால் இருக்கலாம்.  வண்டி நிறையப் பெண்கள், பாண்டி ரோட்டு லாரி, கரும்பு டிராக்டர், குறுக்கே பாய்கிற பைக் என்று கண் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. விடிவதற்கு முன்பே கிளம்பி விழுப்புரம் வந்து, அங்கிருந்து பாண்டி பஸ் பிடித்துக் கண்டமங்கலத்தில் இறங்கினேன்.

அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "கண்ணாடி மாதிரி வச்சிருப்பாரே, அந்த வண்டிக்காரரா?" என்று கேட்டு வழி சொன்னார்கள். நான் தெருமுனையில் திரும்பும்போது ஏழுமலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தார்.

"வாளியக் கீழ வையிங்க!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

மனிதர் திகைத்துப்போய் வாளியை வைத்தார். நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு சிமெண்ட் தரையில் படுத்தேன். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் டயர் ஈரமாக மின்னியது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு. விரலால் தொட்டுத் தேய்த்தேன். வழவழப்பு. அவர் வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அதன் மேல் விட்டேன். நிறம் காட்டவில்லை, மிதக்கவில்லை, தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது. மூன்று தடவை பள்ளத்தின் மேல் ஏற்றித் தேடியது அங்கே சாவகாசமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரேக் ஆயில் ஊத்தறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"எப்ப?"

"மீட்டர்ல செவப்பு லைட் எரிஞ்சா ஊத்துவேங்க. அப்புறம் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ரொப்பிக்கினு வருவேன். ஆயில் இல்லாம வண்டிய எடுத்துக்கினு வந்தா நீங்க இன்னா நினைப்பீங்க?"

"லைட் எப்ப எப்ப எரியுது?"

 அவர் தரையைப் பார்த்தார். "இப்பல்லாம் தெனமும்தாங்க."

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். டிபன் பை, தண்ணீர் பாட்டில், அடையாள அட்டை. பேசிக்கொண்டே வந்து கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்கள். அமுதாவும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து முன் சீட்டில் ஏறினார். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சட்டையெல்லாம் அழுக்காக ஒரு கிழவன் தரையிலிருந்து எழுந்து நின்றால் யார் கவனிப்பார்கள்?

"எல்லாரும் எறங்குங்க. இந்த வண்டி போவாது" என்றேன்.

"யாருங்க நீங்க?" என்றார் அமுதா.

"விழுப்புரம் மேஸ்திரி" என்றார் ஏழுமலை மெதுவாக.

"மேஸ்திரின்னா? எட்டு மணிக்குக் கேட்ட மூடிடுவான். போன மாசம் ரெண்டு பேர அப்படியே திருப்பி அனுப்சிட்டான், தெரியுமா? நாங்க போய்ட்டு வந்தப்புறம் வண்டிய எட்துக்கினு போயி இன்னா வேணும்னாலும் பண்ணுங்க. ஜல்தி எடுய்யா" என்று அமுதா கணவர் பக்கம் திரும்பினார்.

பின்னால் இருந்தும் குரல்கள் கிளம்பின. காலையிலேயே பேஜாரு, யாரு இந்த ஆளு, நேரமாவுது என்று ஆளாளுக்குச் சத்தம். ஏழுமலை என் பக்கம் வந்து காதோரம் சொன்னார்: "ஒரே ஒரு ட்ரிப் மேஸ்திரி. இப்பதான் ஆயில ரொப்பி இருக்கேன். மெதுவா ஓட்டிக்கினு போய் எறக்கிட்டு, அப்படியே விழுப்புரத்துக்குக் கொண்டாந்து உங்ககிட்டயே வுட்டுர்றேன். ஹேண்ட் பிரேக் வேற இருக்குது."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு காலை நேரம் வரும். எதிரில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் அவசரம் நியாயமானது. அவர்கள் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு ட்ரிப். நேற்று வரை ஓடியதுதானே, இன்று ஒரு நாள் ஓடாதா என்று உங்களுக்கே தோன்றும். மெதுவாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டால் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். மெதுவாகப் போங்கள் என்று சொல்வது நம் தொழிலில் மிகவும் கேவலமான வார்த்தை. அது ரிப்பேரும் இல்லை, மறுப்பும் இல்லை, பழியைத் தூக்கி ஓட்டுகிறவர் மடியில் போட்டுவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்வது.

நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அமுதா இறங்கி வந்து, "எங்க வேலை போனா உன் ஒர்க்‌ஷாப்புல சேத்துக்குவியா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். வயதில் பெரியவன் என்றுகூடப் பார்க்கவில்லை. அந்த நிலையில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன், இருந்தாலும் ரத்தம் கொதித்தது. சக்கரத்துக்குள் இருக்கிற சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து பிரேக் ஆயில் வெளியே வருகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். யார் காதில் விழுகிறது? எட்டு மணிக்குக் கேட் மூடப்போகிறவர்களிடம் ரப்பரைப் பற்றிப் பேசுகிறேன் பாருங்கள், எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

வாயை மூடிக்கொண்டேன். சாவியை எடுத்து ஏழுமலையிடம் கொடுத்தேன்.

"உட்காருங்க. எஞ்சினப் போடுங்க. கியர்ல போடாதீங்க. எதிர்ல ஒரு பிள்ளை ஓடியாந்துடுச்சின்னு வச்சிக்கங்க. எப்படி மிதிப்பீங்களோ அப்படி மிதிச்சி, காலை எடுக்காம அழுத்திக்கினே இருங்க."

அவர் உட்கார்ந்தார். மிதித்தார். முதலில் பெடல் கெட்டியாகத்தான் நின்றது, நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கால் மெல்ல இறங்க ஆரம்பித்தது. நிற்காமல் இறங்கி, தரையைத் தொட்டது. காலைத் தூக்கி மறுபடி மிதித்தார். மறுபடி போயிற்று. சத்தம் கேட்டு இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், "ஐயோ, கீழ ஊத்துது பாருங்க" என்றார். அதுவரை சொட்டாக இருந்தது சக்கரத்தின் உள்பக்கம் கோடாக வழிந்தது. நிதானமாக ஓட்டி, தூரத்திலிருந்தே மெல்ல மிதித்து நிறுத்துகிற ஆள் அவர். முழு பலத்தோடு அழுத்த வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. வந்திருந்தால் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

"ஹேண்ட் பிரேக்கும் அதே பின்சக்கரத்தத்தாங்க பிடிக்கும். உள்ள பிரேக் கட்டை ஆயில்ல ஊறிக் கெடக்குது. எப்படிப் பிடிக்கும்?" என்றேன்.

ஏழுமலை எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்.  வண்டியில் இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் பஸ்ஸுல போயிடுங்கம்மா" என்றார்.  பைகளை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். அமுதா மட்டும் நின்றார்.

"தெனமும் லைட் எரியுதா? என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லல? பக்கத்துலதான உட்காந்துக்கினு வர்றேன்?"

"நேத்து சாயங்காலம் கம்பெனி கேட்டாண்ட முன்னாடி நின்ன லாரிக்கு ரொம்பக் கிட்டப் போயிதான் நின்னுச்சி" என்றார் ஏழுமலை. "டயருதான் வழுக்குதுன்னு நினைச்சிக்கினேன்."

அமுதா அவரையே பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.  

வண்டியை ஏற்றிப்போக விழுப்புரத்திலிருந்து ஆளை வரச் சொல்லிப் போன் செய்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தேன். ஏழுமலை உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கோபம் அப்போதும் முழுசாகத் தீரவில்லை. பயம் போனதும் கோபம் இன்னும் அதிகமாகிறது, நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

"ஏங்க ஏழுமலை, அழுக்கோட கொண்டாங்கன்னு அவ்ளோ சொன்னேனே? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கழுவாம வந்திருந்தா முன்னாடியே புடிச்சிருப்பேன். ஒரு வாளி தண்ணியால எத்தினி பேரு போயிருப்பாங்க?"

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த வண்டிய வாங்குன புதுசுலங்க, ஊருக்குள்ள ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குக் கூப்டாங்க. எங்க காலனித் தெருவுல இருந்து ஊருக்குள்ள சவாரிக்குப் போன மொத வண்டி இதான். விடிகாலைல எழுந்து உள்ளயும் வெளியயும் கழுவி, பூ போட்டு எடுத்துக்கினு போனேன். பொண்ணு வீட்டுப் பெரியவரு ஒருத்தரு வந்து கதவத் தொறந்தாரு. என்னை ஒரு பார்வை பார்த்தாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து, அந்த சீட்ட நல்லா தொடச்சிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தாரு. ஒரு தூசி இல்லைங்க மேஸ்திரி அந்த சீட்ல."

நான் மோரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவரு ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. அன்னில இருந்து கழுவாம இந்த வண்டி தெருவத் தாண்டுனது இல்லைங்க" என்றார்.

 எந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அதைச் சரி செய்ய முடியும்? முந்தின நாள் எல்லோர் முன்னாலும் கல்யாணத்துக்கா வருகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். யார் பார்க்கிறார்கள் என்று கத்தினேன். யார் பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இதற்காக, கழுவிக்கொண்டு வருகிறவர்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வாரமே நான் முதலாளியோடு சண்டை போட்டு, உள்ளே வரும் வண்டியை முதலில் வாட்டர் சர்வீஸுக்கு அனுப்புகிற வழக்கத்தை நிறுத்தினேன். நாமே கழுவிவிட்டு நாமே தேடிக்கொண்டிருந்தோம், அதைவிடக் கூத்து உண்டா? ஒழுகுகிறது என்று வருகிறவரிடம் வண்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், இங்கே வருவதற்காக என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கழுவினீர்களா, ஊற்றினீர்களா, துடைத்தீர்களா, பெயிண்ட் அடித்தீர்களா? அதட்டாமல் கேளுங்கள். அதட்டினால் அடுத்த தடவை இன்னும் நன்றாகக் கழுவிக்கொண்டு வருவார், நான் பார்த்திருக்கிறேன். அழுக்கோடு வரச் சொல்வது நமக்குச் சாதாரணம். சிலருக்கு அது சட்டையில்லாமல் கடைவீதிக்குப் போகச் சொல்வது மாதிரி. அவரை அழைப்பதைவிட நீங்கள் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பஸ் இருக்கிறது.

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். ஏழுமலை தயங்கித் தயங்கி, "மேஸ்திரி, ஆயில் எங்க ஒழுகுதுன்னு பார்த்துட்டீங்க இல்ல?" என்று கேட்டார்.

"பார்த்தாச்சி."

"இனிமே பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. ஏன்?"

"லாரி மேல ஏத்திக்கினு போவாங்க. கடைத்தெரு வழியா, ஊரே பாக்கற மாதிரி."  அவர் கண் வாளியின் மேல் இருந்தது.

பழக்கத்தில் எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, உங்களுக்கு எத்தினி வாட்டி சொல்றது என்று. முழுங்கினேன்.

"கழுவுங்க" என்றேன். "அந்தச் சக்கரத்தையும் சேத்து."

அவர் கழுவ ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. கூரையிலிருந்து தொடங்கி, கண்ணாடி, கதவு, ஒவ்வொரு சீட், கடைசியில் சக்கரங்கள். அதற்குள் விழுப்புரத்து லாரி வந்து நின்றது. அதை ஓட்டிவந்தவர் கீழே இறங்கி, நேரத்தைப் பார்த்து, பீடியைப் பற்றவைத்து, பொறுக்க முடியாமல் என்னிடம் வந்தார்.

"இன்னா மேஸ்திரி இது? ரிப்பேருக்குப் போற வண்டிய ஒக்காந்து கழுவிக்கினு இருக்காரு. யாருங்க பாக்கப் போறாங்க?"

"கம்முனு நில்லு" என்றேன். "அவரு முடிக்கட்டும்."